வீட்டுக் கூரையிற் பெறும் சூரிய மின்சாரமும் மிகுதியை விற்றலும்

யாழ்ப்பாணக் குடாநாட்டுத் தோட்டக் கமக்காரருக்கு மின்சாரம் நெடுங்காலமாகச் செலவுப் பொருளாகவே இருந்து வந்தது. துலாவினாலும் சூத்திரத்தினாலும் நீரிறைத்த காலம் போய் மண்ணெண்ணெய் இயந்திரம் வந்தது. அதன் பின்னர் மின் பம்பி வந்தது. கூலி குறைந்ததேயன்றி மாதப் பட்டியல் குறையவில்லை. இப்பொழுதோ அதே கம்பி வழியாக மின்சாரத்தை வெளியே அனுப்பிப் பணம் பெறவும் கூடும். வீட்டுக் கூரையிற் சூரியத் தகடுகளை அமைத்து மிகுதி மின்சாரத்தைப் பொது மின்வலையமைப்பிற்குக் கொடுக்கும் ஏற்பாடு இலங்கையில் 2010 ஆம் ஆண்டில் ஆரம்பமாயிற்று. அந்நாளிற் பணம் கொடுக்கப்படவில்லை. கொடுத்த அலகுகள் வரவாக எழுதப்பட்டுப் பின்வரும் மாதங்களிற் கழிக்கப்பட்டன. 2016 ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில் ‘சூரிய பல சங்கிராமய’ என்னும் திட்டம் தொடங்கப்பட்ட பின்னரே வீட்டுக்காரர் கையிற் காசு சேரும் முறைகள் நடைமுறைக்கு வந்தன.

இத்தொழிலில் இறங்குவோர் பெரும்பாலும் அயல் வீட்டைப் பார்த்தே இறங்குகின்றனர். அயல் வீட்டாருக்கு மாதந்தோறும் இவ்வளவு பணம் வருகின்றது என்று கேட்டறிந்து, அதே அளவு தகடுகளுக்கு அதே பணம் தமக்கும் வரும் என நம்பிக் கடன் பெறுகின்றனர். இந்நம்பிக்கை தவறானது. இதில் விலை என்பது சந்தை விலை போல் அன்றன்று எல்லாருக்கும் ஒன்றாக இருப்பதன்று. உடன்படிக்கை எழுதிய நாளில் எவ்விலை நடைமுறையில் இருந்ததோ அவ்விலையே அவ்வீட்டிற்கு உரியது. ஆகவே ஒரே ஒழுங்கையிலுள்ள இரு வீடுகள் ஒரே வெயிலில் ஒரே அளவு மின்சாரத்தை விற்று வெவ்வேறு வருமானம் பெறுதல் கூடும். கமக்காரர் முதன்முதல் விளங்கிக்கொள்ள வேண்டியது இதுவாகும்.

விற்கப்படுவது யாது

ஆயிரம் வாற்று, அதாவது ஒரு கிலோவாற்று, வலுவுள்ள கருவி ஒரு மணித்தியாலம் இயங்கினாற் செலவாகும் மின்சாரம் ஓர் அலகு எனப்படும். இரண்டு குதிரைவலுப் பம்பி ஒன்று ஏறத்தாழ இரண்டு கிலோவாற்று இழுப்பதாகக் கொண்டால், மூன்று மணித்தியால இறைப்பிற்கு ஆறு அலகு செல்லும்.

சூரியத் தகட்டில் வெயில் படும்பொழுது ஒரே திசையிற் பாயும் மின்னோட்டம் பிறக்கின்றது. வீட்டு மின்சாரமோ திசை மாறி மாறிப் பாய்வது. முன்னதைப் பின்னதாக மாற்றும் பெட்டியே இன்வேட்டர் ஆகும். மாற்றப்பட்ட மின்சாரம் முதலில் வீட்டில் இயங்கும் பம்பிக்கும் விளக்கிற்கும் குளிர்சாதனப் பெட்டிக்கும் போகும். அவை எடுத்த பின் எஞ்சுவது மட்டுமே மின்மானியைக் கடந்து தெருக் கம்பிக்குச் செல்லும். இரவில் தகடு உறங்கும்; அப்பொழுது வீடு முன்போலத் தெருக் கம்பியிலிருந்தே மின்சாரம் பெறும். இவ்விரு போக்குவரத்தையும் தனித்தனியே எண்ணுவதற்காகப் பழைய மின்மானி அகற்றப்பட்டு இரு வழி மின்மானி பொருத்தப்படும்.

எமது நாட்டு வெயிலில் ஒரு கிலோவாற்றுத் தகடு ஆண்டுச் சராசரியாக நாளொன்றுக்கு நான்கு அலகு வரை தரும் எனக் கொள்ளலாம். இச்சராசரியை நம்பி மாதக் கணக்குப் போடுதல் ஆகாது. மாசி தொடங்கிச் சித்திரை வரையுள்ள காலத்தில் விளைவு மிகும். ஐப்பசி, கார்த்திகை, மார்கழி ஆகிய மாரி மாதங்களில் வானம் மூடிக் கிடக்கும் நாட்களில் அது பாதிக்குங் கீழே போகவுங் கூடும். மழை நாளிற் கிணற்றில் நீரிறைக்க வேண்டிய தேவையும் இராது என்பது ஓர் ஆறுதல்.

மற்றொரு செய்தியையும் இவ்விடத்திற் சொல்லுதல் வேண்டும். பற்றரி இல்லாத சாதாரண அமைப்பில், தெருவில் மின்சாரம் தடைப்பட்டால் வீட்டுத் தகடும் அக்கணமே நின்றுவிடும். நடு வெயிலிலும் ஒரு விளக்குக்கூட எரியாது. இது பழுதன்று. கம்பத்தில் ஏறித் திருத்தும் தொழிலாளியை வீட்டிலிருந்து வரும் மின்சாரம் தாக்காதிருத்தற் பொருட்டு இன்வேட்டர் தானாகவே நிற்குமாறு செய்யப்பட்டுள்ளது. மின்வெட்டு நாளிலும் பம்பி ஓடும் என்று எண்ணித் தகடு வாங்கி ஏமாந்தோர் உளர்.

மின்மானியை வாசித்துக் கணக்குப் பார்த்தல்

இரு வழி மின்மானியின் முகத்தில் எண்கள் மாறி மாறித் தோன்றும். பல மின்மானிகளில் 1.8.0 என்ற குறியுடன் வருவது வீடு தெருவிலிருந்து வாங்கிய அலகு, 2.8.0 என்ற குறியுடன் வருவது வீடு தெருவிற்குக் கொடுத்த அலகு. இன்வேட்டரின் முகத்திலே தகடுகள் மொத்தமாக விளைவித்த அலகு தெரியும். இம்மூன்றையும் மாத முதல் நாள் ஒரு கொப்பியிற் குறித்து வைப்பவர் வீட்டு மின்சாரத்தின் முழுக் கணக்கையும் அறிவார்.

ஐந்து கிலோவாற்று அமைப்புள்ள ஒரு தோட்டக்காரர் வீட்டை எடுத்துக்கொள்வோம். ஒரு மாதத்தில் இன்வேட்டர் 600 அலகு காட்டுகின்றது. கொடுத்த அலகு 480; வாங்கிய அலகு 80. விளைந்த 600 இல் 480 வெளியே சென்றமையால், எஞ்சிய 120 அலகைப் பகலில் வீடும் பம்பியும் உண்டன. இரவில் வாங்கிய 80 ஐயுஞ் சேர்த்தால் அவ்வீட்டின் முழுச் செலவு 200 அலகாகும். கொடுத்ததிலிருந்து வாங்கியதைக் கழிக்க 400 அலகு மிகுதி. தகடு விளைவித்த 600 அலகிற்கும் பணம் வரும் என எதிர்பார்ப்பவர் பட்டியலைக் கண்டு மின்விநியோக அலுவலகத்தாருடன் வீண் வாதம் செய்வர். கொப்பியுள்ளவருக்கு அவ்வாதம் வேண்டியதில்லை.

இம்மிகுதிக்கு யாது நேரும் என்பது உடன்படிக்கை முறையைப் பொறுத்தது. ‘நெற் மீற்றரிங்’ எனப்படும் தேறிய மானி முறையில் 400 அலகும் வரவாக எழுதப்படும், பணம் இல்லை. ‘நெற் எக்கவுண்டிங்’ எனப்படும் தேறிய கணக்கு முறையில் 400 அலகிற்கும் உடன்படிக்கை விலை பணமாகக் கொடுக்கப்படும். ‘நெற் பிளஸ்’ என்னும் முறையிலோ விளைந்த 600 அலகும் விற்கப்படும். வீட்டிற் செலவான 200 அலகிற்குச் சாதாரணப் பட்டியல் தனியே வரும்.

கடைசி இரண்டில் எது நல்லது என்று கேட்பவருக்கு ஒரே விடை கூறல் இயலாது. வீடு தான் வாங்கும் மின்சாரத்திற்கு அலகொன்றுக்குச் சராசரியாக எவ்வளவு கொடுக்கின்றது என்பதைப் பழைய பட்டியல்களைக் கொண்டு காணல் வேண்டும். அது விற்கும் விலையிலும் கூடியதாயின் தேறிய கணக்கு முறை இலாபம் தரும். குறைந்ததாயின் நெற் பிளஸ் இலாபம் தரும். மேலே கூறிய வீட்டின் 200 அலகுப் பட்டியல் 6,000 ரூபா எனக் கொண்டால் அலகொன்று 30 ரூபாவாகும். விற்கும் விலை 20 ரூபா 90 சதமாயின், தேறிய கணக்கு முறையில் 400 அலகிற்கு 8,360 ரூபா கைக்கு வரும். நெற் பிளஸ் முறையில் 600 அலகிற்கு 12,540 ரூபா வந்து, 6,000 ரூபா பட்டியலுக்குப் போக, 6,540 ரூபாவே எஞ்சும். விற்கும் விலை 37 ரூபாவாக இருந்திருப்பின் இக்கணக்கு தலைகீழாகும்: முன்னதில் 14,800 ரூபாவும் பின்னதில் 16,200 ரூபாவும் ஆகும். மாறாக் கட்டணம் முதலிய சில்லறைகள் இங்கே சேர்க்கப்படவில்லை.

தோட்டக் கிணற்றுக்குத் தனி மின்மானி வைத்திருப்போர் ஒன்றைக் கவனித்தல் நன்று. வீட்டு மின்மானியில் ஏறும் வரவு வீட்டுக் கணக்கிற்கே உரியது. தூரத்துத் தோட்டத்திலுள்ள பம்பியின் பட்டியலை வீட்டுக் கூரை குறைக்காது.

விலையின் போக்கும் கடனும்

2016 ஆம் ஆண்டுத் திட்டத்தின்கீழ் விற்ற மின்சாரத்திற்கு முதல் ஏழு ஆண்டுகளுக்கு அலகொன்றுக்கு 22 ரூபாவும், எட்டாம் ஆண்டு தொடக்கம் இருபதாம் ஆண்டு வரை 15 ரூபா 50 சதமும் எனக் குறிக்கப்பட்டது. 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் எரிபொருளும் மின்சாரமும் அருமையாகிய பொழுது இவ்விலை 37 ரூபாவாக உயர்த்தப்பட்டது. பலர் தகடு பூட்டினர். 2024 ஆம் ஆண்டு யூலை மாதத்தில் புதிய இணைப்புகளுக்கு விலை ஏறத்தாழ 27 ரூபாவாயிற்று. 2025 ஆம் ஆண்டில் அமைப்பின் பருமனுக்கேற்ப விலை வகுக்கப்பட்டது. ஐந்து கிலோவாற்று வரையுள்ள வீட்டமைப்பிற்கு 20 ரூபா 90 சதமும், ஐந்துக்கு மேல் இருபது கிலோவாற்று வரைக்கும் 19 ரூபா 61 சதமும் குறிக்கப்பட்டன. பெரியவற்றிற்கு இன்னுங் குறைவு. இனியும் மாறக்கூடும், ஆதலின் விண்ணப்பிக்கும் நாளில் நிலவும் விலையை எழுத்திற் பெற்றுக்கொண்ட பின்னரே அடுத்த காரியம் பார்த்தல் வேண்டும்.

விலை இறங்கியமைக்கு நியாயம் இல்லாமல் இல்லை. தகடுகளின் கொள்விலையும் இவ்வாண்டுகளில் இறங்கியே வந்தது. எனினும் கடன் பெறுபவருக்கு நியாயத்திலும் தவணையே முக்கியம்.

ஒருவர் பத்து இலட்சம் ரூபாவை நூற்றுக்கு 12 வீத வட்டியில் ஏழு ஆண்டுத் தவணைக்குப் பெறுகின்றார் எனக் கொள்வோம். மாதத் தவணை ஏறத்தாழ 17,650 ரூபாவாகும். மேலே கண்ட வீட்டில் அலகு 37 ரூபாவுக்கு விற்றிருந்தால் 14,800 ரூபா வரவும், முன்னர் கட்டிவந்த 6,000 ரூபாப் பட்டியல் மீதியுமாக 20,800 ரூபா சேரும். தவணை கட்டி 3,150 ரூபா கையிலிருக்கும். அதே வீடு, அதே தகடு, அதே கடன். விலை மட்டும் 20 ரூபா 90 சதம். இப்பொழுது சேர்வது 14,360 ரூபா. தவணைக்கு மாதந்தோறும் 3,290 ரூபா துண்டு விழும். ஏழு ஆண்டுகளும் அத்துண்டு எங்கிருந்து வரும்? வெங்காயத்திலிருந்தும் மிளகாயிலிருந்துமே வருதல் வேண்டும். ஒரு போகம் பிழைத்தால் அடுத்த போகத்திற்கு வித்து வெங்காயம் வாங்க வைத்த பணம் வங்கிக்குப் போகும். அதன் பின் நகை அடைவுக்குப் போகும்.

தவணைக் காலத்தைப் பத்து ஆண்டாக நீட்டினால் மாதத் தவணை ஏறத்தாழ 14,350 ரூபாவாகக் குறைந்து வரவுஞ் செலவும் சமனாகும். ஆயினும் ஏழு ஆண்டில் ஏறத்தாழ 4,83,000 ரூபாவாக இருந்த வட்டி பத்து ஆண்டில் 7,21,000 ரூபாவுக்கு மேலாகும். பத்தாம் ஆண்டு முடிந்த பின்னும் உடன்படிக்கையின் இருபது ஆண்டிற் பாதி மிஞ்சியிருக்கும் என்பதும் உண்மையே. அப்பாதியிற் கிடைப்பதே உண்மையான ஊதியம். பொறுத்திருக்கக் கூடியவருக்கு இது நட்டத் தொழிலன்று. முதல் மாதத்திலிருந்தே செலவுக்குப் பணம் வேண்டியவருக்கு இது உதவாது.

இவ்விலக்கங்கள் கணக்கு முறையைக் காட்டும் பொருட்டு எடுத்தவை. ஒவ்வொருவரும் தம் வட்டி வீதத்தையும், தம் பட்டியலையும், தகடு விற்போர் எழுதிக் கொடுக்கும் விலையையும் இட்டுத் தாமே போட்டுப் பார்த்தல் வேண்டும். விற்பனையாளர் காட்டும் கணக்குத் தாளில் நாளொன்றுக்கு ஒரு கிலோவாற்றிற்கு ஐந்து அலகு என்று போடப்பட்டிருப்பின் அதை நான்காகத் திருத்திப் பார்த்தல் நன்று. இன்வேட்டரை இருபது ஆண்டுக்குள் ஒரு முறையேனும் மாற்ற நேரும். அதற்கென மாதந்தோறும் சிறுதொகை ஒதுக்கல் வேண்டும். தகடுகளோ ஆண்டுக்கு அரை வீதமளவில் மெல்ல இளைத்து, இருபத்தைந்து ஆண்டு வரை உழைக்கும்.

கடனின்றிச் சொந்தப் பணத்திற் சிறிதாக அமைப்பவருக்கு இவ்விடர் இல்லை. மாதம் அறுபது அலகிற்குக் குறைவாகச் செலவிடும் வீடுகளுக்குப் பட்டியலிலும் பெரிய சேமிப்பு இராது. அலகு கூடக் கூட விலை வீதமும் கூடும் முறையிலேயே வீட்டுக் கட்டணம் அமைந்துள்ளமையால், அதிகம் செலவிடும் வீட்டிற்கே தகட்டினாற் பயன் அதிகம்.

நண்பகல் மின்சாரம் மலிந்தமைக்குக் காரணம்

தோட்டக்காரருக்கு இதனை விளக்க நெடிய பேச்சு வேண்டாம். எல்லாரும் ஒரே கிழமையில் வெங்காயத்தைக் கிண்டிச் சந்தைக்குக் கொண்டுபோனால் விலை என்னாகும் என்பதை அவர் அறிவார். வெங்காயத்தையாவது பிடியாகக் கட்டிக் கொட்டிலிலே தூக்கி வைக்கலாம். மின்சாரத்தை அவ்வாறு தூக்கி வைத்தல் ஆகாது. விளைந்த கணத்திலேயே யாரேனும் ஒருவர் அதனைச் செலவிடல் வேண்டும். கூரைத் தகடுகள் எல்லாம் ஒரே வெயிலில் ஒரே நேரத்தில் விளைகின்றன. நாட்டில் மின்சாரம் மிகுதியாக வேண்டப்படுவதோ மாலை விளக்கு வைத்த பின்னர். அப்பொழுது தகடு ஒன்றும் தராது.

2025 ஆம் ஆண்டில் இதன் விளைவு கண்கூடாகத் தெரிந்தது. அவ்வாண்டு பெப்ரவரி 9 ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை முற்பகலில், பாணந்துறை உப மின்நிலையத்திற் குரங்கொன்று புகுந்தமையால் நேர்ந்த கோளாறு நாடு முழுவதையும் இருளில் ஆழ்த்தியது. விடுமுறை நாளாகையால் மின்சாரச் செலவு குறைவு, வெயிலோ மிகுதி. பெரும் சுழலிகள் பல ஓய்ந்திருந்த அவ்வேளையில் அதிர்ச்சியைத் தாங்கும் திறன் வலையமைப்பிற்குப் போதாதிருந்தது. அதே ஆண்டு ஏப்பிரிலில் சித்திரைப் புத்தாண்டு விடுமுறை வந்தபொழுது, கூரைத் தகடுகளைப் பகல் வேளையில் நிறுத்தி வைக்குமாறு உரிமையாளரிடம் மின்சார சபை வேண்டிக்கொண்டது. சித்திரை மாதத்தில் யாழ்ப்பாணத்திற் சூரியன் தலைக்கு நேரே நிற்கும். தகடு நன்கு விளையும் காலம் அது. நன்கு விளையும் காலத்திலேயே சில நாள் விற்க முடியாது போகலாம் என்பதையும் கணக்கிற் சேர்த்தல் வேண்டும்.

ஆகையினாலேதான் 2025 ஆம் ஆண்டில், பற்றரியிற் சேமித்து மாலை 6.30 மணி முதல் இரவு 10.30 மணி வரை கொடுக்கப்படும் மின்சாரத்திற்கு அலகொன்றுக்கு 45 ரூபா 80 சதம் என்ற உயர்ந்த விலை அறிவிக்கப்பட்டது. பகல் விலையின் இரு மடங்கிலும் அதிகம். எனினும் பற்றரி விலையுயர்ந்தது; தகட்டைப் போல நெடுநாள் உழையாது; ஏற்றி இறக்கும்போது ஒரு பங்கு வீணாகும். பற்றரிக்கு அளிக்கப்படும் உத்தரவாதம் எத்தனை ஆண்டு, அக்காலம் முழுவதும் நாள்தோறும் எத்தனை அலகு உண்மையாகக் கொடுக்க இயலும், என்ற இரண்டையும் கேட்டறிந்து பெருக்கிப் பார்த்த பின்னரே அதில் இறங்கல் வேண்டும்.

கம்பியின் கடைக்கோடியிலுள்ளோர்

எமது வீடுகளில் மின்னழுத்தம் 230 வோல்ற்று. அது நூற்றுக்கு ஆறு வீதம் கூடவோ குறையவோ இடமுண்டு. அதாவது ஏறத்தாழ 244 வோல்ற்று மேல் எல்லை. தகடு மின்சாரத்தைத் தெருவிற்குத் தள்ளும்பொழுது வீட்டருகே அழுத்தம் சற்று உயரும். மின்மாற்றிக்கு அண்மையில் இது தெரியாது. நெடுந்தூரம் மெல்லிய கம்பியிற் சென்று முடியும் ஒழுங்கைக் கடைசியில், அதுவும் நாலைந்து வீடுகள் தகடு பூட்டியுள்ள இடத்தில், நண்பகலில் அழுத்தம் எல்லையைக் கடக்கும். கடந்தவுடன் இன்வேட்டர் நின்றுவிடும், சிறிது நேரம் கழித்து மீண்டும் எழும், மீண்டும் நிற்கும். பகல் பதினொரு மணி முதல் இரண்டு மணி வரை விளைவு இவ்வாறு வீணாகும். வீட்டுக்காரர் வானத்தில் மேகம் என்று எண்ணி இருப்பர்.

இதனை அறிய வழி எளிது. வெயில் எறிக்கும் நாளின் நண்பகலில் இன்வேட்டரின் முகத்தைப் பார்த்து, அதிலுள்ள அழுத்த எண்ணையும் எச்சரிக்கைக் குறியையும் கொப்பியிற் குறித்தல் வேண்டும். நாலைந்து நாட்குறிப்புடன் மின்விநியோக அலுவலகத்திற் செய்யும் முறைப்பாடு வெறும் வாய்ச்சொல்லிலும் வலிமையுடையது.

தோட்டக்காரருக்கு இங்கே மற்றவர்க்கில்லாத ஒரு வசதி உண்டு. வீட்டு மின்மானியிலேயே பம்பியும் இணைந்திருப்பின், இறைப்பை நண்பகலுக்கு மாற்றலாம். பம்பி எடுக்கும் இரண்டு கிலோவாற்றும் தெருவிற்குப் போகாமல் வளவிற்குள்ளேயே செலவாகும், அழுத்தம் தாழும், இன்வேட்டர் நிற்காது. தேறிய கணக்கு முறையில் இரவில் இறைத்தாலும் பகலில் இறைத்தாலும் அலகுக் கழிப்பு ஒன்றேயாயினும், நின்று நின்று எழும் இன்வேட்டரினால் இழக்கும் அலகை இவ்வாறு மீட்கலாம். ஆனால் நடு வெயிலிற் பயிருக்கு நேரே பாய்ச்சுதல் நன்றன்று. ஆவியாகிப் போவதும் அதிகம். மேல்நிலைத் தொட்டியுள்ளவர் நண்பகலில் தொட்டியை நிரப்பி மாலையிற் பாய்ச்சுவாராக. மின்சாரம் மலிவென்று கிணற்றை வற்ற இறைத்தலும் ஆகாது. குடாநாட்டுச் சுண்ணக்கற் படையில் நன்னீர் உவர்நீரின் மேல் மிதந்து நிற்பது. அளவு மீறி இறைத்த கிணறு உவராகும்.

கூரையும் தகடும்

ஐந்து கிலோவாற்று அமைப்பிற்கு இக்காலத்து 550 வாற்றுத் தகடுகள் ஒன்பது வேண்டும். நடைவழியுடன் ஏறத்தாழ 300 சதுர அடி இடமும், சட்டங்களுடன் ஏறத்தாழ 300 கிலோகிராம் பாரமும் உண்டு. பனஞ் சலாகை போட்ட பழைய ஓட்டு வீடுகளிற் கறையான் அரித்த மரம் உண்டா என்பதை முதலில் தட்டிப் பார்த்தல் வேண்டும். இருபது ஆண்டு நிற்கும் தகட்டை ஐந்து ஆண்டில் இற்றுவிடும் கூரைமேல் ஏற்றிப் பின்னர் இறக்கி ஏற்றும் செலவு சிறிதன்று. சீற்றுக் கூரையில் மிதிப்போர் விழுந்து மாண்டதுண்டு; பலகை போட்டே நடத்தல் வேண்டும்.

தகடு தெற்கு நோக்கிப் பத்துப் பாகையளவு சாய்ந்திருத்தல் சிறந்தது. கிழக்கோ மேற்கோ நோக்கினும் எமது நாட்டிற் பெருங் குறைவில்லை. வடக்கு நோக்கிச் செங்குத்தாகச் சரிந்த கூரை தை, மார்கழி மாதங்களில் மிகவுங் குறைவாகத் தரும்.

திசையிலும் நிழலே பெரிய பகை. தகடுகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடுக்கப்படுகின்றன. ஒரு தகட்டின் மேல் தென்னோலை நிழல் விழுந்தால், வாய்க்காலின் ஓரிடத்தில் மண் சரிந்தாற் போல வரிசை முழுவதன் ஓட்டமும் தடைப்படும். காலை ஒன்பது மணி, நண்பகல், பிற்பகல் மூன்று மணி ஆகிய மூவேளையும் கூரையிற் படும் நிழலைப் பார்த்தே இடந் தெரிதல் வேண்டும். தண்ணீர்த் தாங்கியின் நிழலையும் மறத்தலாகாது. பயன்தரும் மரத்தைத் தகட்டிற்காக வெட்டுவதிலும் தகட்டில் இரண்டைக் குறைத்தலே மேல். தோட்டக் காணியிலே தகடு நடும் எண்ணமும் சிலரிடம் உண்டு; செம்மண் தோட்டத்தை அதற்குக் கொடுப்பது எவ்வகையிலும் வீண்.

கடற்கரையோர ஊர்களில் உப்புக் காற்று இரும்பை விரைவில் அரிக்கும். சட்டம் அலுமினியத்தாலும் ஆணி, சுரை என்பன துருப்பிடியா உருக்காலும் இருத்தல் வேண்டும். இடிதாங்கும் கருவியும் நல்ல நிலத்தொடுப்பும் இன்றி அமைப்பை ஏற்றல் ஆகாது. மாரி தொடங்கும் காலத்து இடி மின்னலில் முதலிற் பழுதாவது இன்வேட்டரே.

கழுவுதல்

சோளகக் காற்று வீசும் மாதங்களிற் செம்மண் தூசி தகட்டிற் படியும். காகத்தின் எச்சம் அதனிலுங் கேடானது. மழை அதைக் கழுவாது. இக்காலத்தில் இரு கிழமைக்கொரு முறை, சூரியன் ஏறுமுன் விடியற்காலையில் மென்மையான துணியாற் கழுவுதல் வேண்டும். கொதிக்கும் கண்ணாடியிற் குளிர்ந்த நீர் படின் வெடிக்கவுங் கூடும். குடாநாட்டுக் கிணற்று நீர் சுண்ணம் மிகுந்தது; அது தகட்டில் உலர்ந்தால் வெண்படை பற்றி, ஆண்டுகள் செல்லச் சுரண்டினாலும் போகாது. ஆகவே சேமித்த மழைநீராற் கழுவுதல் உத்தமம். கிணற்று நீரே உள்ளதாயின் உலரவிடாமல் உடனே துடைத்தெடுத்தல் வேண்டும். சவர்க்காரத் தூளும் தேங்காய்த் தும்பும் உபயோகிக்கலாகாது.

விண்ணப்பிக்கு முன்

முதலிற் பன்னிரண்டு மாதப் பட்டியல்களை ஒன்றாகச் சேர்த்து மாதச் சராசரி அலகைக் காணல் வேண்டும். பட்டியல் யார் பெயரில் இருக்கின்றதோ அவரே உடன்படிக்கையிற் கையொப்பமிட வேண்டியவர். காலஞ்சென்ற தகப்பனார் பெயரில் இன்னும் பட்டியல் வருமாயின் பெயர் மாற்றத்தை முதலிற் செய்துகொள்ளுதல் நலம். பின்னர் மின்விநியோக அலுவலகத்திற்குச் சென்று, அவ்வொழுங்கை மின்மாற்றியில் இன்னும் இடமுண்டா என்பதையும், எந்த உடன்படிக்கை முறைகள் ஏற்கப்படுகின்றன என்பதையும், அன்றைய விலையையும் கேட்டறிதல் வேண்டும். இவ்விடை கைக்கு வருமுன் தகடு விற்போருக்கு முற்பணம் கொடுத்தல் கூடாது. மின்மாற்றி நிறைந்துவிட்டது என்ற பதிலைப் பெற்றுக் கூரையிலே பூட்டிய தகட்டைப் பார்த்திருப்பது கடன்பட்டவருக்குப் பெருந் துயராகும்.

அமைத்துக் கொடுப்போர் இலங்கை நிலைபெறுதகு வலு அதிகாரசபையிற் பதிவு செய்தவராக இருத்தல் வேண்டும். மூவரிடமேனும் எழுத்தில் விலை கேட்டு, தகட்டின் உத்தரவாதம், இன்வேட்டரின் உத்தரவாதம், பழுதானால் எத்தனை நாளில் ஆள் வரும் என்பவற்றை ஒப்பிடல் வேண்டும். கொழும்பிலிருந்து ஆள் வர மூன்று கிழமை ஆகுமெனின் அம்மூன்று கிழமை விளைவும் நட்டமே. விற்ற பணம் வங்கிக் கணக்கிற்கு வரச் சில வேளை தாமதித்தாலும் கடன் தவணை தாமதியாது. ஆதலால் மூன்று மாதத் தவணைப் பணத்தைக் கையில் வைத்துக்கொண்டே தொடங்குதல் வேண்டும்.

இருவழி மின்மானி பொருத்தும் நாளில் வீட்டுக்காரர் அருகில் நின்று, தொடக்க எண்கள் இரண்டையும் கொப்பியில் எழுதி, பொருத்த வந்த அலுவலரின் கையொப்பத்தை அதன் கீழே பெற்றுக்கொள்ளுதல் வேண்டும்.